புல் இரட்டித்தது, வெட்டுக்கிளி குறைந்தது: கோன்ஸா புல்வெளியின் மழைக் கணக்கு

மழை பெய்தால் புல் தழைக்கும். புல் தழைத்தால் அதைத் தின்னும் பூச்சியும் பெருகும். பொதுவாக எல்லோரும் நம்புவது இதைத்தான். நம்புவதற்குக் காரணமும் இருக்கிறது. 2018 மே மாதம் மெகுனு புயலும் அக்டோபரில் லுபான் புயலும் அரேபியாவின் ரப் அல் காலி பாலைவனத்தில் மழையைக் கொட்டின. மணலில் பச்சை படர்ந்தது. ஆளரவமற்ற அந்த வெளியில் தலைமுறை தலைமுறையாகப் பெருகிய பாலைவன வெட்டுக்கிளிகள் ஏமன், கிழக்கு ஆப்பிரிக்கா, ஈரான், பாகிஸ்தான் என்று பரவின. 2020-இல் அவை ஜெய்ப்பூர் நகரத்து வீட்டு மொட்டைமாடிகளில் இறங்கிய படங்களை எல்லோரும் பார்த்தோம்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ள கோன்ஸா புல்வெளியில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே முறையில் வெட்டுக்கிளிகளை எண்ணி வந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் புல்லின் நிறை ஏறத்தாழ இரு மடங்காகியது. வெட்டுக்கிளிகளோ ஆண்டுக்கு 2.1 முதல் 2.7 விழுக்காடு வரை குறைந்துகொண்டே வந்தன. கூட்டிப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிருக்கின்றன. பூச்சிமருந்து தெளிக்காத, ஏர் படாத, வீடு முளைக்காத பாதுகாக்கப்பட்ட நிலம் அது. பூச்சி குறைவதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் எதுவும் அங்கே பொருந்தாது. எல்லன் வெல்டி, ஆந்தனி ஜோர்ன், மைக்கேல் காஸ்பரி உள்ளிட்ட குழு 2020-இல் இந்தக் கணக்கை வெளியிட்டபோது பூச்சியியலாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது அதனால்தான்.

நிலமும் மழையும்

கோன்ஸா, கான்சஸின் கிழக்குப் பகுதியில் ஃபிளின்ட் ஹில்ஸ் என்னும் குன்றுத் தொடரில் இருக்கிறது. பரப்பு 3,487 ஹெக்டேர். சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே சிக்கிமுக்கிக் கல் நிறைந்த நிலம். மேல்மண் ஆழமில்லை. கலப்பை இறங்காத காரணத்தால்தான் இந்தப் புல்வெளி பிழைத்தது. வட அமெரிக்காவின் நடுப்பகுதியை ஒரு காலத்தில் மூடியிருந்த உயர்புல் வெளியில் இன்று மிஞ்சியிருப்பது நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் மக்காச்சோளமும் சோயாவும் ஆகிவிட்டது. மிஞ்சியதில் பெரும்பகுதி இந்தக் கல்மேட்டில்தான்.

ஆண்டு மழை சராசரியாக 835 மில்லிமீட்டர். சென்னையின் சராசரியைவிடக் குறைவு, மதுரைக்குப் பக்கத்தில் வரும். அதில் முக்கால் பங்கு புல் வளரும் பருவத்திலேயே பெய்துவிடுகிறது. ஆனால் ஓர் ஆண்டைப் போல மறு ஆண்டு இருப்பதில்லை. வறண்ட கோடையில் முழங்கால் அளவில் நின்றுவிடும் பெரும் நீலத்தண்டுப் புல், நல்ல மழை ஆண்டில் பள்ளப் பகுதிகளில் ஆளை மறைக்கும். இந்தப் புல்லும் அதன் கூட்டாளிகளான இந்தியப் புல், சுவிட்ச் புல், சிறு நீலத்தண்டுப் புல் ஆகியவையும்தான் நிலத்தை ஆள்கின்றன. இவை வெயிலை விரும்பும் சி4 வகைப் புற்கள். நம் சோளம், கரும்பு போல. புற்களுக்கு இடையே அகன்ற இலைச் செடிகள் நூற்றுக்கணக்கான வகை. நிறையை அளந்தால் புல்லே மேலோங்கும், இனங்களை எண்ணினால் செடிகள்.

கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகம் நடத்தும் இந்த ஆய்வு நிலையத்தில் 1980-களின் தொடக்கத்திலிருந்து நீண்டகால ஆய்வு நடக்கிறது. நிலத்தை நீர்ப்பிடிப்புப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். சிலவற்றை ஆண்டுதோறும் எரிக்கிறார்கள். சிலவற்றை இரண்டு, நான்கு, இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை. 1987-இல் பைசன் மாடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மழை, தீ, மேய்ச்சல் மூன்றும்தான் இந்த வெளியை உருவாக்கியவை. தீயையும் மேய்ச்சலையும் ஆய்வாளர்கள் தங்கள் கையில் வைத்திருக்கிறார்கள். மழை மட்டும் அவர்கள் சொல் கேட்பதில்லை.

வெட்டுக்கிளி எண்ணும் முறை எளிமையானது. கோடையில் பூச்சிகள் முதிரும் நேரத்தில், கனத்த துணிவலையைப் புல்லின் மேற்பரப்பில் இடமும் வலமுமாக வீசி நடப்பார்கள். இருபது வீச்சு ஒரு தொகுதி. ஓரிடத்தில் பத்துத் தொகுதி. வலையில் விழுந்ததைக் கொண்டுபோய் இனம் பிரித்து எண்ணுவார்கள். இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் அதே முறையில் செய்ததுதான் அரிது. பத்தாண்டு நிதி கிடைப்பதே பெரும்பாடாக இருக்கும் துறையில் இப்படிப்பட்ட பதிவு உலகில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே உண்டு.

பூச்சியின் ஓராண்டில் மழை புகும் இடங்கள்

மழைக்கும் வெட்டுக்கிளிக்கும் உள்ள தொடர்பை ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. ஆண்டுக்கு ஒரே தலைமுறை. அந்த ஒரு தலைமுறையின் ஒவ்வொரு கட்டத்திலும் மழை வேறு வேறு வேலை செய்கிறது.

கோடையின் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் பெண் பூச்சி அடிவயிற்றை மண்ணுக்குள் செருகி முட்டையிடுகிறது. முட்டைகளைச் சுற்றி நுரை போன்ற பசை இறுகி ஒரு பையாகிறது. அந்தப் பைக்குள் முட்டைகள் பனிக்காலத்தைக் கழிக்கின்றன. பெரும்பாலான இனங்களில் மே, ஜூன் மாதங்களில் இளம்பூச்சி வெளிவருகிறது. அப்போது அது ஒரு நெல்மணி அளவுகூட இருக்காது. அந்த வாரத்தில் குளிரோடு மழை விடாமல் பெய்தால் கதை முடிந்தது. வெட்டுக்கிளி தன் உடலில் சூடு உண்டாக்கிக்கொள்ளத் தெரியாத பிராணி. வெயிலில் பக்கவாட்டாகத் திரும்பி நின்று உடல் சூட்டை 35 முதல் 40 டிகிரி வரை ஏற்றிக்கொண்டால்தான் தின்றது செரிக்கும், வளர்ச்சி நடக்கும். வானம் மூடியிருந்தால் வயிறு நிறைந்தும் பட்டினிதான். தோலுரிக்கும் நாள் தள்ளிப்போகும். தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் சிலந்திக்கும் பறவைக்கும் ஆதாயம்.

புல் அடர்ந்து உயர்ந்துவிட்டால் இதே சங்கடம் வெயில் நாளிலும் வரும். தரைமட்டத்தில் நிழலும் ஈரமும் தங்கிவிடும். பைசன் மேய்ந்து குட்டையாக்கிய திட்டுகளில் வெட்டுக்கிளி இனங்கள் அதிகமாக இருப்பதை ஜோர்ன் முன்பே காட்டியிருக்கிறார். மேய்ந்த இடத்தில் செடி வகையும் கூடுதல், தரையில் படும் வெயிலும் கூடுதல்.

ஈரக் கோடையில் பூஞ்சணமும் வரும். என்டமோஃபேகா கிரில்லி என்பது வெட்டுக்கிளியைக் கொல்லும் பூஞ்சணம். நோய் கண்ட பூச்சி சாகும் முன் புல்தண்டில் ஏறத் தொடங்கும். உச்சிக்குப் போய், தலை மேல்நோக்கி இருக்க, கால்களால் தண்டை இறுகக் கட்டிக்கொண்டு உயிரை விடும். ஈரம் மிகுந்த ஆண்டில் ஒரே தண்டில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக உலர்ந்த உடல்கள் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். பூஞ்சணத்துக்கு அது நல்ல ஏற்பாடு: உயரத்திலிருந்து வித்துகள் காற்றில் உதிர்ந்து கீழே மேயும் மற்ற பூச்சிகள் மேல் விழும்.

ஆகவே பழைய கான்சஸ்காரர்களுக்கு வெட்டுக்கிளி என்றால் வறட்சிதான் நினைவுக்கு வந்திருக்கும். 1874 கோடையில் மழை பொய்த்த நேரத்தில்தான் ராக்கி மலை வெட்டுக்கிளிகள் வானத்தை மறைத்துக்கொண்டு வந்து இறங்கின. பயிரைத் தின்றுவிட்டுக் குதிரைச் சேணத்தின் தோலையும் கொடியில் காய்ந்த துணியையும் கடித்தன என்று குடியேறிகள் எழுதிவைத்தார்கள். அந்த இனம் பின்னர் அடியோடு அழிந்தது. உயிரோடு கடைசியாகப் பிடிபட்டது 1902-இல். இன்று கோன்ஸாவில் இருப்பவை பெருங்கூட்டமாகக் கிளம்பும் வகை அல்ல. பிறந்த இடத்தைச் சுற்றியே வாழ்ந்து முடிப்பவை.

இவ்வளவு சொன்ன பிறகு, ஈர ஆண்டுகள் கூடியதால் பூச்சி குறைந்தது என்று முடித்துவிடத் தோன்றும். கணக்கு அப்படி முடியவில்லை. எண்ணிக்கையில் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் சுழற்சி தெரிந்தது. பசிபிக்கின் எல் நினோ, வட அட்லாண்டிக் அலைவு, பசிபிக்கின் பத்தாண்டு அலைவு ஆகிய மூன்று பெரும் தட்பவெப்பச் சுழற்சிகளோடு அது பொருந்தியது. ஆண்டுக்கு ஆண்டு ஏற்படும் மாறுபாட்டில் 40 முதல் 54 விழுக்காட்டை இவற்றைக் கொண்டே விளக்க முடிந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கடல்நீர் சூடாவதும் ஆறுவதும் கான்சஸில் ஒரு பூச்சியின் தலையெழுத்தை இந்த அளவுக்குத் தீர்மானிக்கின்றன. ஆனால் சுழற்சி என்றால் இறங்கியது திரும்ப ஏற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பழைய உச்சியைத் தொடாமல் இறங்கிக்கொண்டே போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருந்தது.

சத்து நீர்த்த புல்

காரணம் இலைக்குள் இருந்தது. புல்லின் நிறை இரட்டித்த அதே காலத்தில் அதன் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறத்தாழ 42 விழுக்காடு குறைந்திருந்தது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) 58, சாம்பல் சத்து (பொட்டாசியம்) 54. சோடியம் 90 விழுக்காடு. பருவ இறுதியில் எடுத்த புல்லின் கணக்கு இது.

புல் வளர்வதற்கான கரி காற்றிலிருந்து வருகிறது, சத்துகள் மண்ணிலிருந்து வருகின்றன. மழையும் கரியமில வாயுவும் கூடும்போது முதல் வரவு பெருகுகிறது. இரண்டாவது வரவு அதே வேகத்தில் பெருகுவதில்லை. அதே அரிசியில் நீரை மட்டும் கூட்டிப் பத்துப் பேர் கஞ்சியை இருபது பேருக்கு ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் இலையிலும் ஆகிறது: அளவு கூடுகிறது, சத்து நீர்த்துப்போகிறது. 1980-இல் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 339 பங்காக இருந்த கரியமில வாயு 2020-இல் 414 ஆகிவிட்டது. சி4 புற்களுக்குக் கரியமில வாயு ஏற்கெனவே போதுமானது, அதனால் நேரடி லாபம் குறைவு என்பார்கள். ஆனால் காற்றில் அந்த வாயு கூடினால் இலைத்துளைகளை அவ்வளவு திறக்க வேண்டியதில்லை, நீர் மிச்சமாகும். மிச்சமான நீர் கூடுதல் மழைக்குச் சமம். அதாவது வானிலிருந்து ஒரு துளி கூடுதலாக விழாவிட்டாலும் புல்லுக்கு மழை கூடியதுபோலத்தான். மழையின் பங்கையும் வாயுவின் பங்கையும் தனித்தனியாகப் பிரிப்பது இந்த ஆய்வில் கடினமாக இருப்பது இதனால்தான்.

வெட்டுக்கிளிக்கு இது ஏன் இவ்வளவு வலிக்க வேண்டும்? பூச்சியின் உடலில் தழைச்சத்தின் அடர்த்தி, அது தின்னும் புல்லில் இருப்பதைவிடப் பல மடங்கு. நல்ல காலத்திலேயே புல் அதற்குச் சத்துக் குறைந்த சாப்பாடு. இன்னும் நீர்த்தால் கூடுதலாகத் தின்று ஈடுகட்டப் பார்க்கும். குடலுக்கு ஓர் எல்லை உண்டு. செரிக்க வெயில் வேண்டும். மேய்ந்துகொண்டிருக்கும் நேரம் முழுவதும் எதிரியின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். புரதம் போதுமான அளவு சேர்வதற்குள் மாவுச்சத்தும் சர்க்கரையும் வேண்டியதற்கு மேல் உள்ளே போய்விடுகின்றன. முட்டை குறைகிறது.

சோடியத்தின் கதை தனி. பெரும்பாலான செடிகளுக்குச் சோடியம் தேவையே இல்லை. அதைத் தின்னும் உயிர்களுக்கோ நரம்பும் தசையும் இயங்க அது இல்லாமல் முடியாது. கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கான்சஸில் மழைநீரில் உப்பும் மிகக் குறைவு. மாட்டுக்கு உப்புக்கட்டி வைக்கும் எந்த விவசாயிக்கும் இது புரியும். வெட்டுக்கிளிக்கு யாரும் வைப்பதில்லை. பூச்சி என்றால் தழைச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பழக்கத்தை மாற்றியதும் கோன்ஸாதான். வெட்டுக்கிளியின் அடர்த்தி தழைச்சத்தோடு மட்டுமல்லாமல் மணிச்சத்து, சாம்பல் சத்து, மக்னீசியம், சோடியம் ஆகியவற்றோடும் சேர்ந்து ஏறி இறங்குவதை ஜோர்னும் உடன் ஆய்வாளர்களும் 2012-இலேயே அங்கு காட்டியிருந்தார்கள்.

இலையின் சத்துக் குறைவு, இருபது ஆண்டு மாறுபாட்டில் 25 விழுக்காட்டை விளக்கியது. கால் பங்குதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. காட்டுவெளியில், தீயும் மேய்ச்சலும் வெயிலும் நோயும் ஒரே நேரத்தில் இழுக்கும் இடத்தில், ஒற்றைக் காரணம் கால் பங்கைப் பிடிப்பது பெரிய விஷயம். ஆனாலும் இது உடன்நிகழ்வைக் காட்டும் ஆய்வு, பரிசோதனை அல்ல. இதை மறந்துவிட்டு “கரியமில வாயு வெட்டுக்கிளியைக் கொல்கிறது” என்று தலைப்புப் போடுவது பத்திரிகைக்காரர்கள் வேலை.

மழையைக் கையில் எடுத்தபோது

பரிசோதனையும் கோன்ஸாவில் நடந்தது, செடிகளை வைத்து. ஆலன் நாப், ஜான் பிளேர், ஸ்காட் காலின்ஸ் ஆகியோரின் குழு 1990-களின் இறுதியில் பன்னிரண்டு கூடாரங்கள் அமைத்தது. மேலே ஒளி புகும் பிளாஸ்டிக் கூரை, நான்கு பக்கமும் திறப்பு. கூரையில் விழும் மழை வடிகால் வழியாகத் தொட்டிகளுக்குப் போகும். பிறகு விரும்பிய நாளில் விரும்பிய அளவில் தெளிப்பான் வழியாக அதே நீரைப் புல்மேல் பெய்விக்கலாம்.

சிலவற்றில் மொத்த மழையைக் குறைக்கவே இல்லை. ஒரு பாட்டம் மழைக்கும் அடுத்த பாட்டத்துக்கும் இடையிலுள்ள வறண்ட நாட்களை மட்டும் ஒன்றரை மடங்காக நீட்டினார்கள். சிறு மழைகளைச் சேர்த்துவைத்து ஒரே பெருமழையாகக் கொட்டினார்கள். பருவமழை பற்றி நம் ஊரில் சொல்கிறோமே, “மொத்தத்தில் குறைவில்லை, ஆனால் நாலு நாளில் கொட்டிவிட்டுப் போய்விட்டது” என்று, அதேதான். 2002-இல் முதல் நான்கு ஆண்டு முடிவுகள் வந்தன. மேல்மண்ணில் பதம் குறைந்தது. புல்லின் வளர்ச்சி குறைந்தது. மண்ணிலிருந்து மூச்சாக வெளியேறும் கரியமில வாயு 16 விழுக்காடு குறைந்தது. செடி இனங்களின் பன்மை மட்டும் கூடியது. மேல்மண் ஈரத்தை நம்பியிருக்கும் புற்கள் சற்றுத் தளர்ந்ததும் மற்றவற்றுக்கு இடம் கிடைத்தது. மழை அளவு மாறாமல் மழை நாள் மாறியதற்கே இவ்வளவு. வானிலை அறிக்கையில் ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்த்து “இயல்பான மழை” என்று எழுதுபவர்கள் இந்தக் கூடாரங்களுக்குள் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

கடும் வறட்சியையும் செய்து பார்த்தார்கள். 2010, 2011 ஆகிய இரண்டு வளர்பருவங்களிலும் மழையின் மூன்றில் இரண்டு பங்கை மறித்தார்கள். விளைச்சல் சரிந்தது. மழை திரும்பியதும் ஒரே ஆண்டில் மொத்த விளைச்சல் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அளவை மட்டும் பார்த்தால் புல்வெளி தேறிவிட்டது. உள்ளே பார்த்தால் ஆள் மாறியிருந்தது: பொன்னிறப் பூங்கொத்துடைய சாலிடேகோ என்னும் முக்கியமான அகன்ற இலைச் செடி வீழ்ந்துவிட்டது, காலியான இடத்தைப் பெரும் நீலத்தண்டுப் புல் பிடித்துக்கொண்டது. புல் தின்னும் பூச்சிக்கு இதில் நட்டமில்லை. ஒரே செடியை நம்பும் பூச்சிக்கு இது வாழ்வா சாவா. கோன்ஸாவில் ஹைப்போக்ளோரா ஆல்பா என்றொரு வெட்டுக்கிளி இருக்கிறது. நம் மருக்கொழுந்தின் உறவான வெண்ணிற மாசிச் செடியை மட்டுமே பெரும்பாலும் தின்னும். அந்த இலையின் சாம்பல் பூத்த பச்சை அப்படியே அதன் உடம்பிலும் இருக்கும். செடியில் உட்கார்ந்திருந்தால் கண்டுபிடிப்பது கடினம். அந்தச் செடி சுருங்கினால் மற்ற புல் இரட்டித்து அதற்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

எதிர்த்திசையில் ஒரு பரிசோதனை. 1991-இல் தொடங்கி, வளர்பருவத்தில் தண்ணீர்ப் பற்றாக்குறையே வராதபடி ஒரு பகுதிக்குத் தெளிப்பு நீர் பாய்ச்சினார்கள். பத்தொன்பது ஆண்டுக் கணக்கைப் பார்த்தபோது விளைச்சல் கூடியிருந்தது. பள்ளப் பகுதியில் சுவிட்ச் புல் தலையெடுத்திருந்தது. அதற்கு மேல் புல்வெளி பெரிதாகத் தடம் மாறவில்லை. பல்லாண்டு வாழும் ஆழ்வேர்ப் புற்கள் அவ்வளவு எளிதில் இடம் விடுவதில்லை.

ஓராண்டுப் புற்கள் ஆளும் வெளியில் நிலைமை வேறு. வடக்குக் கலிஃபோர்னியாவின் மெண்டசீனோ மாவட்டத்தில் ஆஞ்சலோ என்னும் காப்பு நிலம் இருக்கிறது. குளிர்காலத்தில் மழை, கோடையில் சொட்டுக்கூட இல்லை. அங்கே கென்வின் சட்டில், மெரிடித் தாம்சன், மேரி பவர் மூவரும் 2001 முதல் ஐந்தாண்டு செய்த பரிசோதனை, மழை–செடி–பூச்சி என்ற முழுச் சங்கிலியையும் ஒருசேரப் பிடித்தது. 70 சதுர மீட்டர் கொண்ட பதினெட்டு வட்டங்கள். சிலவற்றுக்குக் குளிர்காலத்திலேயே கூடுதல் மழை. சிலவற்றுக்கு வசந்தத்தில், அதாவது மழை நின்று நிலம் காயத் தொடங்கும் நேரத்தில். மற்றவை அப்படியே விடப்பட்டன.

குளிர்காலக் கூடுதல் மழையால் அதிகம் ஒன்றும் நடக்கவில்லை. ஏற்கெனவே நனைந்த நிலம். குளிரும் மங்கிய ஒளியும்தான் அப்போது செடியைத் தடுத்து நிறுத்துபவை. வசந்த மழைக்கு முதலில் எல்லாமே எதிர்பார்த்தபடி நடந்தது. காயவேண்டிய நிலம் ஈரமாக நின்றதால் அவரைக் குடும்பத்துச் சிறுசெடிகள் செழித்தன. செடி இனம் கூடியது, தின்னும் பூச்சி கூடியது, அந்தப் பூச்சியைத் தின்னும் பூச்சியும் கூடியது. முதலிரண்டு ஆண்டோடு ஆய்வை முடித்திருந்தால் “மழை கூடினால் வளம் கூடும்” என்று அழகாக அறிக்கை எழுதியிருக்கலாம்.

அவரைச் செடிகள் வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்ப்பவை. அவை விட்டுப்போன சத்தை அடுத்த பருவத்தில் முளைத்த ஓராண்டுப் புற்கள் அள்ளிக்கொண்டன. இந்தப் புற்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலிருந்து வந்து ஊன்றியவை. வளர்ந்து, காய்ந்து, சருகாகத் தரையை மூடின. அடுத்த ஆண்டு சருகுக்கு அடியில் சிறுசெடிகளின் விதைகளால் தலைநீட்ட முடியவில்லை. ஐந்தாம் ஆண்டில் செடி இனங்கள் சரிந்திருந்தன, உணவுவலை சுருங்கிவிட்டது, பூச்சிகளின் எண்ணிக்கை கடுமையாக விழுந்திருந்தது. அதே வட்டம், அதே தண்ணீர், எதிரான முடிவு. அவரைச் செடிக்குப் பூத்துக் காய்க்கக் கிடைத்த கூடுதல் வாரங்களே கடைசியில் அதை மூடிய புல்லுக்கு உரமாயின.

கோன்ஸாவில் இலையின் சத்து நீர்த்தது. ஆஞ்சலோவில் இலையின் வகையே மாறியது. வழி வேறு வேறாக இருந்தாலும் இரண்டு இடத்திலும் நிலத்தில் பச்சை கூடியிருக்கிறது, அதைத் தின்பவர்கள் குறைந்திருக்கிறார்கள். விண்கோளிலிருந்து பச்சையை அளந்து புல்வெளியின் நலத்தைச் சொல்லும் வேலை இன்று பெருகியிருக்கிறது. இந்த இரண்டு இடங்களையும் அப்படி அளந்தால் இரண்டுக்கும் நல்ல மதிப்பெண் கிடைக்கும்.

கணக்குக்கு அடங்காதவை

எல்லாப் பூச்சிக்கும் ஒரே சட்டம் கிடையாது. வறட்சியில் வாடும் செடியில் கரைந்த நிலைத் தழைச்சத்து கூடும், அதனால் பூச்சி பெருகும் என்று ஆஸ்திரேலியாவின் டி. சி. ஆர். ஒயிட் 1969-இல் யூகலிப்டஸ் மரங்களின் சாறுண்ணிப் பூச்சிகளை வைத்துச் சொன்னார். கருத்து பரவலாக எடுபட்டது. பிறகு நடந்த சோதனைகளில் அசுவினி, தத்துப்பூச்சி போன்ற சாறு உறிஞ்சிகளே தொடர் வறட்சியில் தடுமாறின. சாற்றில் சத்து இருந்தும், செடிக்குள் நீரழுத்தம் குறைந்துவிட்டால் அவற்றால் உறிஞ்ச முடிவதில்லை. விட்டுவிட்டு வரும் வறட்சிதான் அவற்றுக்கு வாய்ப்பு: வாடும்போது சத்து திரளும், இடையில் ஒரு மழை வந்து செடி நிமிரும்போது அது எளிதாகக் கிடைக்கும். கோன்ஸாக் கூடாரங்களில் நீட்டிய இடைவெளியை இதோடு சேர்த்துப் பார்த்தால், அதே மழைமாற்றம் வெட்டுக்கிளிக்கு ஒரு விதமாகவும் அசுவினிக்கு வேறு விதமாகவும் போய்ச் சேரும் என்று எதிர்பார்க்கலாம்.

சத்துக் குறைந்த புல்லை விரும்பும் வெட்டுக்கிளியும் இருக்கிறது. உள்மங்கோலியாவின் புல்வெளிகளில் ஆரியான் சீஸ் உள்ளிட்ட குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஆடுகள் அளவுக்கு மேல் மேய்ந்து தழைச்சத்துக் குறைந்துபோன நிலத்தில்தான் ஈடாலியஸ் ஏஷியாட்டிகஸ் என்னும் கூட்ட வெட்டுக்கிளி நன்றாக வளர்ந்தது. உரமிட்டுத் தழைச்சத்தை ஏற்றியபோது அதன் வளர்ச்சி குன்றியது. நெடுந்தூரம் பறக்கும் பூச்சிக்குப் புரதத்தைவிட எரிபொருளான மாவுச்சத்து முக்கியம் என்பது அதற்கான விளக்கம்.

இதைக் கோன்ஸாவோடு வைத்துப் பார்க்கும்போது வருவது நல்ல செய்தி அல்ல. புல்லின் சத்து நீர்த்துப்போவது தொடர்ந்தால், ஊரைவிட்டுப் போகாமல் பறவைக்கும் சிலந்திக்கும் இரையாகி, சாணமாகவும் சருகுத்துகளாகவும் மண்ணுக்குச் சத்தைத் திருப்பித்தரும் சாதாரண வெட்டுக்கிளிகள் குறையும். கூட்டமாகக் கிளம்பி வயலில் இறங்கும் சில இனங்களுக்கு அதே புல் ஏற்றதாக இருக்கலாம். “வெட்டுக்கிளி குறைகிறதா, கூடுகிறதா” என்ற கேள்விக்கு இரண்டு பதிலும் சரியாக இருக்கும் நிலை அது. மங்கோலியப் பூச்சியைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிவதைப் பாலைவன வெட்டுக்கிளிக்கு அப்படியே ஏற்றிவிடுவதை நான் ஏற்கமாட்டேன். 2018-க்குப் பின் நடந்ததைப் புயல் மழையும் மண்ணின் ஈரமும் பசுமையுமே போதுமான அளவு விளக்குகின்றன.

கோன்ஸா ஆய்வின் மீது எனக்குள்ள ஒரே குறை, இலைச்சத்து பருவ இறுதியில் அளக்கப்பட்டது என்பது. இளம்பூச்சி உயிருக்குப் போராடும் மே, ஜூன் மாதங்களில் அது கடிப்பது இளந்தளிரை. தளிரில் சத்து எந்த அளவுக்கு நீர்த்திருக்கிறது என்று வாரவாரியாக ஒரு பதிவு இருந்தால், குளிர்மழை கொன்றது எத்தனை, வெறுஞ்சோறு கொன்றது எத்தனை என்று பிரித்துச் சொல்லிவிடலாம். வலையோடு ஒரு கத்தரிக்கோலும் காகிதப் பையும் எடுத்துப்போனால் போதும். செலவு மாதிரிகளை ஆய்வகத்தில் சோதிப்பதில்தான்.